தெருநாயோடு பழகுவது, மற்ற நாய்களோடு அவனைச் சேர்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தெருவில் திரியும் ஒரு நாய் மனதில் ஒட்டிக்கொண்டது. அவனுக்கு ஏதாவது செய்ய வேண்டும், ஆனால் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. வீட்டில் ஏற்கெனவே ஒரு நாய் இருந்தால் குழப்பம் இன்னும் கூடும். இந்த நிலையில் இருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் பலவாக இருந்தாலும் அடியில் ஓடுவது ஒரே விஷயம்தான்: நாய்க்கு விலகிப் போக வழி இருக்க வேண்டும். வேண்டாம் என்றால் போய்விடலாம் என்று தெரிந்த நாய்தான் பயமில்லாமல் கிட்டே வரும். மனிதரிடமும் அப்படித்தான், மற்ற நாய்களிடமும் அப்படித்தான்.

ஒரு தெருநாயோடு பழக ஆசை. முதல் நாள் என்ன செய்வது?

நெருங்காமல் இருங்கள். அவன் உங்களைக் கவனிக்கிறான், ஆனால் எழுந்து ஓடவில்லை என்கிற ஒரு தூரம் இருக்கும். சில நாய்களுக்கு அது பத்தடி, சில நாய்களுக்கு ஒரு தெருவின் அகலம். அந்தத் தூரத்தைத் தாண்டாமல், உடம்பைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பி நின்று, சாப்பாட்டைக் கீழே வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள். திரும்பிப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டாம். பழக்கமில்லாத நாயைக் கண்ணுக்குக் கண் பார்த்தால் அதை அவன் மிரட்டலாகத்தான் எடுத்துக்கொள்வான்.

மறுநாளும் அதே நேரம், அதே இடம். வரும்போது ஏதாவது ஒரே சத்தம் கொடுங்கள். ஒரு பெயராக இருக்கலாம், நாக்கால் எழுப்பும் ஒலியாக இருக்கலாம். அந்தச் சத்தம் கேட்டால் சாப்பாடு வரும், வந்தவர் எதுவும் செய்யாமல் போய்விடுவார் என்பது அவனுக்குப் பழக வேண்டும். தெருவில் வாழ்கிற நாய்க்கு மனிதர்களைக் கணிக்க முடியாமல் போவதுதான் பெரிய பயம். அதனால் உங்களை எளிதில் கணிக்க முடியும்படி நடந்துகொள்ளுங்கள்.

இன்னொன்று. துண்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் போட்டு அவனை உங்களிடம் இழுக்கத்தான் பலருக்கும் தோன்றும். அதைச் செய்யாதீர்கள். பசியில் துண்டைப் பின்தொடர்ந்து வந்தவன் சட்டென்று நிமிர்ந்து பார்க்கும்போது நீங்கள் ஓரடி தூரத்தில் இருப்பீர்கள். அந்தத் திடுக்கிடலில் கடிக்கவும் செய்வான். துண்டை அவனுக்குப் பின்னால் எறியுங்கள். விலகிப் போய்த் தின்றுவிட்டு, அவனாகத் திரும்பி வருவான். வந்தால் இன்னொரு துண்டு, அதுவும் பின்னால்தான்.

நம்பத் தொடங்கிவிட்டான் என்று எப்படித் தெரியும்?

கால்களைப் பாருங்கள். ஆரம்பத்தில் அவன் உங்களிடம் வரும்போது பின்னங்கால்கள் தூரத்தில் ஊன்றியிருக்கும், முன்னுடம்பு மட்டும் நீளும். கழுத்தை எட்டி, உதட்டு நுனியால் துண்டைக் கவ்வி, நாலடி தள்ளிப் போய்க் கீழே போட்டுவிட்டுத் தின்பான். உடம்பின் பாதி ஓடுவதற்குத் தயாராக இருக்கும். ஒரு நாள் பின்னங்கால்களும் சேர்ந்து முன்னால் வரும். துண்டை எடுத்த இடத்திலேயே நின்று மெல்லுவான். இந்த மாற்றத்தைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறவர்கள் அதிகம். வாலாட்டுவதைவிட இதைத்தான் நான் நம்புவேன்.

வாலாட்டினால் நட்பு என்றுதானே அர்த்தம்?

இல்லை. வாலாட்டும் நாயும் கடிக்கும். இடுப்பு வரைக்கும் சேர்ந்து ஆட, உடம்பெல்லாம் தளர்ந்து, வாய் லேசாகத் திறந்திருந்தால் அது நட்பு. வால் உயரமாக விறைத்து, நுனி மட்டும் வேகமாகத் துடிக்க, வாய் மூடி, உடம்பு அசையாமல் இருந்தால் அது பதற்றம். அப்போது நீங்கள் மெதுவாக விலக வேண்டும்.

பயத்தின் அறிகுறிகள் இதைவிடச் சின்னவை. சாப்பாடு இல்லாதபோதும் உதட்டை நக்குவது, தூக்கமில்லாமல் கொட்டாவி விடுவது, முகத்தை வேறு பக்கம் திருப்புவது, ஒரு முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நிற்பது, கண்ணின் வெள்ளை பிறை மாதிரி தெரிவது, வாலை வயிற்றுக்கடியில் ஒடுக்குவது. எல்லாமே "கொஞ்சம் தள்ளிப் போ" என்று சொல்வதுதான். அதைக் கேட்டு நீங்கள் ஓரடி பின்வாங்கினால், சொன்னால் புரிந்துகொள்கிற மனிதர் இவர் என்று அவன் தெரிந்துகொள்வான். கேட்காமல் போனால் அடுத்து உறுமுவான். அதற்கும் அடுத்தது பல்தான்.

எப்போது தொடலாம்?

அவனே வந்து உங்கள் காலையோ கையையோ முகர்ந்துவிட்டு, போகாமல் நின்றால் தொடலாம். தலைக்கு மேலே கையைக் கொண்டு போகாதீர்கள். மேலிருந்து வரும் கையைத் தெருநாய் அடியாகவோ கல்லாகவோதான் அறிந்திருப்பான். கையைத் தாழ்வாக வைத்து, நெஞ்சிலோ கழுத்தின் பக்கவாட்டிலோ மூன்று விநாடி தடவிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். பிறகு பாருங்கள். சாய்ந்து வந்தால், மூக்கால் கையைத் தள்ளினால் இன்னும் கேட்கிறான். முகத்தைத் திருப்பினாலோ உடம்பை உதறிக்கொண்டு தள்ளிப் போனாலோ அன்றைக்கு அவ்வளவுதான்.

முகத்தை முகத்தோடு வைத்துக் கொஞ்சுவது, கட்டிப்பிடிப்பது, தூக்குவது எல்லாம் வேண்டாம். குழந்தைகள் கூட இருந்தால் இதில் இரட்டைக் கவனம் தேவை.

சாப்பாடு போட்டால் மட்டும் போதும், தடவிக் கொடுப்பதெல்லாம் பிறகு என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கொல்கத்தாவில் உள்ள ஐசர் என்ற அறிவியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2017-இல் தெருநாய்களிடம் செய்த ஆய்வில், முன்பின் அறியாத ஒருவர் பல முறை வந்து பழகியபோது உணவு கொடுத்ததைவிடத் தடவிக் கொடுத்ததுதான் நாய்களின் நம்பிக்கையை அதிகம் கூட்டியது. பசியோடு அலையும் விலங்குக்கு அன்பான தொடுகை அவ்வளவு பெரிய விஷயமாக இருக்கிறது. அதை வலிந்து திணிக்காமல் அவன் கேட்கும்போது கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

என்ன சாப்பாடு கொடுக்கலாம்?

உப்பும் மசாலாவும் எண்ணெயும் இல்லாமல் வேகவைத்த கோழி இறைச்சி, சோறு, வேகவைத்த முட்டை, நாய்களுக்கென்று விற்கும் உணவு. கூடவே தண்ணீர். தண்ணீரைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

எலும்பும் தோலுமாக இருக்கும் நாய்க்கு ஒரே நேரத்தில் வயிறு முட்டப் போடாதீர்கள். நீண்ட நாள் பட்டினி கிடந்த உடம்பு திடீரென்று வரும் பெரிய சாப்பாட்டைத் தாங்காமல் ஆபத்தான நிலைக்குப் போகலாம். சிறிது சிறிதாக, நாளைக்கு நாலைந்து முறை கொடுத்து, கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

சாக்லேட், வெங்காயம், பூண்டு, திராட்சை, உலர் திராட்சை, சைலிட்டால் என்ற சர்க்கரை மாற்று கலந்த இனிப்புகள் நாய்க்கு விஷம். வேகவைத்த எலும்பு உடைந்து கூராகிக் குடலைக் குத்தும். மனிதர்களின் காய்ச்சல் மாத்திரை, வலி மாத்திரை எதையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். பாராசிட்டமாலும் ஐபுபுரோஃபெனும் நாயைக் கொல்லக்கூடியவை.

பழகும்போது கடித்துவிட்டால்?

உடனே காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரம் பார்த்துக் கழுவுங்கள், ஏனென்றால் பதற்றத்தில் இரண்டு நிமிடமே பதினைந்து மாதிரி தோன்றும். பிறகு போவிடோன் அயோடின் இருந்தால் போட்டுக்கொண்டு, அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். காயத்தில் வேறு எதையும் பூசக் கூடாது.

ரேபிஸ் நோயின் அறிகுறி தொடங்கிவிட்டால் பிழைப்பது ஏறக்குறைய இல்லவே இல்லை. ஆனால் அதற்கு முன்பே முறையாக ஊசி போட்டுக்கொண்டால் தடுத்துவிடலாம். மனிதர்களுக்கு வரும் ரேபிஸில் 99 சதவீதம் வரை நாய்களிடமிருந்து வருவதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ரத்தம் வந்த கடி என்றால் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தையும் காயத்தைச் சுற்றிப் போட வேண்டியிருக்கும். ரத்தம் வராத சிறு கீறலும், புண்ணில் பட்ட எச்சிலும்கூட மருத்துவரிடம் காட்ட வேண்டியவை. கடித்த நாயைப் பத்து நாள் கண்காணிப்பது வழக்கம்தான், ஆனால் அதுவரை பொறுத்துப் பார்த்துவிட்டு ஊசி போடலாம் என்று இருந்துவிடாதீர்கள். ஊசியை அன்றே தொடங்க வேண்டும்.

தொடர்ந்து தெருநாய்களோடு பழகப் போகிறீர்கள் என்றால் கடிபடுவதற்கு முன்பே போட்டுக்கொள்ளும் தடுப்பூசியைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். ஒரு வார இடைவெளியில் இரண்டு ஊசிகள் என்பதுதான் 2018 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அப்படிப் போட்டவர்களும் கடிபட்டால் மறுபடி ஊசி போட வேண்டும், ஆனால் இம்யூனோகுளோபுலின் தேவைப்படாது.

நேற்று வரை பழகிய நாய் திடீரென்று குணம் மாறி, எச்சில் வடிய, தாடை தொங்க, நடை தள்ளாட, காரணமில்லாமல் கண்டதையெல்லாம் கடித்தால் பக்கத்தில் போகாதீர்கள். உள்ளாட்சி அமைப்புக்கோ கால்நடைத் துறைக்கோ சொல்லுங்கள்.

அவன் யாருடைய வளர்ப்பு நாயாகவாவது இருந்தால்?

கழுத்தில் பட்டையின் தடம், சொன்னால் உட்காருவது, கார் கதவு திறந்தால் ஏறப் பார்ப்பது எல்லாம் வீட்டில் வளர்ந்த அடையாளங்கள். அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள், கால்நடை மருத்துவமனையில் மைக்ரோசிப் (தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லு) இருக்கிறதா என்று ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். காதின் நுனி வெட்டப்பட்டிருந்தால் பெரும்பாலும் ஏற்கெனவே கருத்தடை செய்து விடப்பட்ட தெருநாய்.

எப்படிக் கட்டி அழைத்து வருவது?

கயிறு மாட்டும் நாளில்தான் பல நாள் சேர்த்த நம்பிக்கை கைநழுவிப் போகிறது. அதனால் அவசரம் இல்லாவிட்டால் கயிற்றை முதலில் சாப்பாட்டுக்குப் பக்கத்தில் சும்மா போட்டு வையுங்கள். அடுத்து கையில் பிடித்துக்கொண்டே சாப்பாடு கொடுங்கள். அப்புறம் அதை வளையமாகப் பிடித்து, வளையத்துக்குள் துண்டை நீட்டுங்கள். அவனே தலையை நுழைத்து எடுப்பான், எடுத்துக்கொண்டு போகட்டும். இது சாதாரண விஷயமாக ஆன பிறகுதான் உண்மையில் மாட்ட வேண்டும்.

பயந்த நாய் பின்பக்கமாக இழுத்தால் சாதாரணக் கழுத்துப்பட்டை தலை வழியாகக் கழன்றுவிடும். மார்பையும் முதுகையும் சுற்றி வரும் ஹார்னஸ் பாதுகாப்பானது, அதிலும் விலாவுக்குப் பின்னால் இன்னொரு பட்டை இருந்தால் மேலும் நல்லது. முதல் வாரங்களில் இரண்டு கயிறு போடுங்கள், ஒன்று ஹார்னஸில், ஒன்று கழுத்துப்பட்டையில். தப்பி ஓடிய பயந்த நாயை இரண்டாவது முறை பிடிப்பது மிகவும் கஷ்டம்.

அடிபட்ட நாய், பல்லைக் காட்டிப் பாய்கிற நாய், கையில் சிக்காத நாய் என்றால் நீங்களாக முயல வேண்டாம். கூண்டும் வலையும் பயிற்சியும் உள்ள மீட்புக் குழுவினரைக் கூப்பிடுங்கள்.

வீட்டுக்குள் வந்தவுடன் கதவு சாத்தும் சத்தமே அவனுக்குப் புதிது. நாலு சுவருக்குள் அவன் இருந்ததே இல்லையென்றால் முதல் இரவு அலைந்துகொண்டே இருப்பான், அல்லது ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடப்பான். மூலையிலிருந்து இழுத்து வெளியே கொண்டுவராதீர்கள். பக்கத்தில் தண்ணீரும் விரிப்பும் வைத்துவிட்டு, அறையின் மறுகோடியில் உட்கார்ந்து உங்கள் வேலையைப் பாருங்கள்.

வீட்டில் ஏற்கெனவே நாய் இருக்கிறது. உடனே அறிமுகப்படுத்தலாமா?

இல்லை. முதலில் மருத்துவர், பிறகு குறைந்தது இரண்டு வாரம் தனி அறை. இதில் மட்டும் நான் யாரிடமும் விட்டுக்கொடுப்பதில்லை.

நாய்களைத் தாக்கும் பார்வோ வைரஸ் மலத்தின் வழியாகப் பரவும், மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், சாதாரணத் தரைத் துடைப்பான் திரவங்களுக்கு அசையாது. ஒரு பங்கு ப்ளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து, அழுக்கை முதலில் நீக்கிய தரையில் ஊற்றிப் பத்து நிமிடம் விட்டால் சாகும். டிஸ்டம்பர் என்ற இன்னொரு வைரஸ் நோய் மூச்சுக்காற்று வழியாகவே பரவும். கண்ணிலும் மூக்கிலும் சளி வடிவதில் தொடங்கி, பிறகு நரம்பைத் தாக்கும். தொற்றியிருந்தாலும் ஒன்றிரண்டு வாரம் வெளியே தெரியாமல் இருக்கலாம். உண்ணியால் வரும் ரத்த நோய்கள், சொறி, குடற்புழு இவையும் உண்டு. பிறப்புறுப்பிலிருந்து ரத்தம் சொட்டினால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். முகர்வதிலும் இணைசேர்வதிலும் ஒரு நாயிடமிருந்து இன்னொரு நாய்க்குத் தொற்றும் ஒருவகைக் கட்டி அதற்குக் காரணமாக இருக்கலாம். மருந்தில் பெரும்பாலும் குணமாகிவிடும்.

உங்கள் பழைய நாயின் தடுப்பூசிகள் தேதி தவறாமல் போட்டிருக்கின்றனவா என்று இப்போதே எடுத்துப் பாருங்கள். தனித்தனித் தட்டு, தனித்தனி நேரத்தில் வெளியே போவது, நடுவில் கை கழுவுவது.

இந்த இரண்டு வாரமும் வீண் இல்லை. கதவுக்கடியில் ஒருவரை ஒருவர் மோப்பம் பிடிப்பார்கள். மருத்துவர் தொற்று எதுவும் இல்லை என்று சொன்ன பிறகு இவன் படுத்த துணியை அவன் சாப்பிடும் இடத்திலிருந்து சற்றுத் தள்ளிப் போடுங்கள், அவனுடையதை இவனிடம் கொடுங்கள். முகர்ந்துவிட்டு அலட்சியமாகச் சாப்பிடப் போய்விட்டால் நல்ல சகுனம். துணியைப் பார்த்தே மயிர் சிலிர்த்தால் இன்னும் சில நாள் பொறுங்கள்.

முதல் சந்திப்பை எப்படி நடத்துவது?

வீட்டில் வேண்டாம். வீடு பழைய நாயின் எல்லை. இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத, திறந்த, வேறு நாய்கள் அதிகம் வராத இடமாகப் பாருங்கள். ஒரு நாய்க்கு ஒரு ஆள், ஆக இரண்டு பேர் வேண்டும்.

நேருக்கு நேர் நடத்திக் கொண்டுவந்து முகத்தோடு முகம் சந்திக்க வைப்பதுதான் எல்லோரும் செய்வது, அதில்தான் காரியம் கெடுகிறது. நாய்கள் தாமாகச் சந்திக்கும்போது நேர்கோட்டில் வராது. வளைந்து வந்து, பக்கவாட்டில் நின்று, பின்பக்கத்தை முகரும். ஆசனவாய்க்குப் பக்கத்தில் இருக்கும் சுரப்பிகளின் வாசனைதான் அவற்றின் அறிமுகச் சீட்டு. நமக்குக் கூச்சமாக இருக்கிறது என்று இழுத்துவிடக் கூடாது.

அதனால் முதலில் ஒரே திசையில், இணையாக நடங்கள். நடுவில் முப்பது அடியாவது இருக்கட்டும். நாய்கள் வெளிப்பக்கம், மனிதர்கள் உள்பக்கம். ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டு, திரும்பித் தரையை முகர்ந்துகொண்டு நடந்தால் தூரம் சரி. கண்ணெடுக்காமல் விறைத்துப் பார்த்தால் தூரம் போதாது, இன்னும் விலகுங்கள். பார்த்துவிட்டு உங்களைத் திரும்பிப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் ஒரு துண்டு தீனி கொடுங்கள். கொஞ்சம் போனதும் ஒருவர் முன்னாலும் மற்றவர் பின்னாலுமாக நடந்து, முன்னவன் சிறுநீர் விட்ட இடத்தைப் பின்னவன் முகர விடுங்கள். பிறகு மாற்றிக்கொள்ளுங்கள். நடந்துகொண்டே இருக்க இருக்கத் தூரம் தானாகக் குறையும்.

கயிறு எப்போதும் தளர்வாக இருக்க வேண்டும். இறுக்கிப் பிடித்த கயிறு நாயின் முன்னுடம்பைத் தூக்கிவிடும். எதிரில் இருப்பவனுக்கு அது சண்டைக்கு வருகிற தோற்றம். அதோடு, கட்டப்பட்டவனுக்கு விலக வழியும் இல்லை. பயந்தவனுக்கு மிச்சம் இருப்பது பல் மட்டும்.

உடம்பு தளர்ந்திருக்கிறது என்று தெரிந்த பிறகு முகர விடுங்கள். மனதுக்குள் மூன்று எண்ணி, உற்சாகமான குரலில் இரண்டு பேரையும் அவரவர் பக்கம் கூப்பிட்டு மறுபடி நடங்கள். சின்னச் சந்திப்பு, பிரிவு, நடை, மறுபடி சந்திப்பு. பிரிந்ததும் ஈரத்தை உதறுவது போல உடம்பை உதறினால் பதற்றம் இறங்குகிறது. முன்னங்கால்களைத் தாழ்த்திப் பின்புறத்தை உயர்த்தினால் விளையாடக் கூப்பிடுகிறான். நன்றாகப் போகிறதே என்று நீட்டாதீர்கள், அப்போதே முடித்துக்கொண்டு வந்துவிடுங்கள். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.

சந்தேகமாக இருந்தால் கூடை வடிவ வாய்ப்பூட்டு உதவும். அதில் வாயைத் திறந்து மூச்சிரைக்கவும் தண்ணீர் குடிக்கவும் முடியும். ஆனால் முன்கூட்டியே தீனியோடு பழக்க வேண்டும், சந்திக்கும் நாளில் முதல்முறையாக மாட்டக் கூடாது.

வெளியே சேர்ந்துவிட்டார்கள். வீட்டுக்குள்?

உள்ளே போவதற்கு முன் தட்டு, பொம்மை, எலும்பு எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிடுங்கள். நன்றாக நடந்து களைத்த பிறகு இரண்டு பேரையும் சேர்ந்தே உள்ளே கொண்டுவாருங்கள். வாசல், மாடிப்படி, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடுக்கு போன்ற குறுகலான இடங்களில்தான் சண்டை வரும். அங்கே கூட்டம் சேர விடாதீர்கள். குழந்தைகளுக்குப் போடும் தடுப்பு மாதிரி ஒன்று அறைவாசலில் இருந்தால் பெரிய உதவி: பார்க்கலாம், முகரலாம், முட்டிக்கொள்ள முடியாது.

சாப்பாடு தனி அறையில், கதவை மூடி. முடித்ததும் காலித் தட்டையும் எடுத்துவிடுங்கள். பசியில் வளர்ந்தவனுக்குக் காலித் தட்டும் சொத்துதான். படுக்கை, தண்ணீர் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் இருக்கட்டும். உங்கள் மடியும் இந்தக் கணக்கில் சேரும். சோபாவில் உங்களோடு ஒட்டி உட்கார்ந்து மற்றவனைக் கிட்டே விடாமல் உறுமினால், திட்டாமல் எழுந்து போய்விடுங்கள்.

நீங்கள் வீட்டில் இல்லாத நேரத்தில் இரண்டு பேரும் தனித்தனியாகத்தான் இருக்க வேண்டும். சில மாதங்களுக்கு இதை மாற்ற வேண்டாம்.

பழைய நாய் உறுமுகிறது. கண்டிக்கலாமா?

கூடாது. உறுமல் என்பது எச்சரிக்கை, கடிக்காமல் இருப்பதற்காகச் செய்வது. அதற்கு அடி வாங்கிய நாய் உறுமுவதை நிறுத்தும், கோபத்தை நிறுத்தாது. பிறகு சத்தமே இல்லாமல் நேராகக் கடிக்கும். உறுமல் கேட்டதும் அமைதியாக நடுவில் புகுந்து தூரத்தைக் கூட்டுங்கள். எதற்காக உறுமினான் என்று யோசியுங்கள். படுத்திருந்தவனைப் புதியவன் தாண்டிப் போனானா? வலி இருக்கிறதா? மூட்டுவலி, பல்வலி, காது வலி உள்ள நாய்கள் மற்ற நாய்களைச் சகித்துக்கொள்ளாது. அதைப் பொறாமை என்று முடிவு கட்டுவதற்கு முன் ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

பழையவனுடைய வழக்கமான நடை, உங்களோடு தனியாக இருக்கும் நேரம் எதுவும் குறையக் கூடாது. புதியவன் வரும்போதெல்லாம் நல்லது நடக்கிறது என்று அவனுக்குத் தோன்ற வேண்டும். புதியவன் அறைக்குள் வந்தால் தீனி வரட்டும், போனால் தீனியும் நிற்கட்டும்.

"அவர்களே அடித்துக்கொண்டு யார் தலைவன் என்று முடிவு செய்யட்டும்" என்கிறார்களே?

இந்த எண்ணத்தின் வேர், கூண்டில் அடைத்த ஓநாய்களை வைத்து ருடால்ஃப் ஷென்கல் 1947-இல் வெளியிட்ட ஆய்வு. ஒன்றுக்கொன்று அறிமுகமில்லாத ஓநாய்களை ஒரே அடைப்பில் விட்டால் சண்டை வரத்தானே செய்யும்? காட்டு ஓநாய்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த டேவிட் மெக், ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தந்தை, பிள்ளைகள் அடங்கிய குடும்பம்தான் என்று 1999-இல் எழுதி, சண்டையிட்டுப் பதவிக்கு வரும் தலைவன் என்ற கருத்தைத் திருத்தினார். வீட்டில் இரண்டு நாய்கள் ஒருமுறை ரத்தம் வரும் அளவுக்கு மோதிவிட்டால் அது எதையும் முடிவு செய்வதில்லை. அடுத்த சண்டை இன்னும் சீக்கிரம் வரும், அவ்வளவுதான்.

சண்டை வந்தேவிட்டால் எப்படிப் பிரிப்பது?

நடுவில் கையை விடாதீர்கள், கழுத்துப்பட்டையைப் பிடிக்கப் போகாதீர்கள். சொந்த நாயும் அந்த நேரத்தில் கையென்று பார்க்காது. பாத்திரத்தைத் தரையில் ஓங்கித் தட்டுங்கள், வாளித் தண்ணீரை முகத்தில் ஊற்றுங்கள், போர்வையைப் போடுங்கள், நாற்காலியையோ பலகையையோ நடுவில் செருகுங்கள். பிரிந்ததும் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாதபடி வெவ்வேறு அறை. காயம் சிறியதாகத் தெரிந்தாலும் மருத்துவரிடம் போங்கள், ஏனென்றால் பல் குத்திய துளை வெளியே சிறியதாகவும் உள்ளே ஆழமாகவும் இருக்கும். அன்றைக்குச் சமாதானம் செய்து வைக்க வேண்டாம். சில நாள் கழித்து, மறுபடி முப்பது அடி தூரத்து நடையிலிருந்து தொடங்குங்கள்.

கருத்தடை செய்தால் சண்டை நின்றுவிடுமா?

பெண் நாய்க்காக வரும் சண்டையும் ஊர் சுற்றுவதும் குறையும். பயத்தால் வரும் சண்டை குறையாது. ஆண் நாய்க்கு அறுவை முடிந்த பிறகும் சில வாரங்கள் குட்டி தரும் திறன் இருக்கலாம் என்பதால் அதுவரை கருத்தடை செய்யாத பெண் நாயிடமிருந்து விலக்கி வையுங்கள். தையல் ஆறும் பத்துப் பதினைந்து நாள்களில் புது அறிமுகம் எதுவும் வேண்டாம்.

என்னால் வீட்டுக்கு அழைத்து வர முடியாது. தெருவில் இருக்கும் மற்ற நாய்கள் இவனைத் துரத்துகின்றன. ஏதாவது செய்ய முடியுமா?

முடியும், ஆனால் இங்கே உங்கள் கையில் இருப்பது குறைவு. தெருநாய்க் கூட்டத்துக்கு எல்லை உண்டு. அதற்குள் சாப்பாடும் ஒதுங்க இடமும் எவ்வளவு என்று அவற்றுக்குத் தெரியும். புதிதாக வருகிற வளர்ந்த ஆண் நாயைப் பெரும்பாலும் விரட்டவே பார்க்கும். குட்டிகளுக்கு அவ்வளவு எதிர்ப்பு இருக்காது.

நீங்கள் அவனுக்கு மட்டும், அவர்கள் கண்முன்னால், அவர்கள் எல்லைக்குள் சாப்பாடு போட்டால் அவனுக்கு அடி வாங்கிக் கொடுக்கிறீர்கள் என்று அர்த்தம். முதலில் கூட்டத்துக்கு அதன் இடத்தில் போட்டுவிடுங்கள். பிறகு இவனுக்கு அவர்கள் பார்வையில் படாத இடத்தில், எல்லை ஓரத்தில், ஓடுவதற்கு இரண்டு பக்கமும் வழி உள்ளபடி போடுங்கள். முட்டுச்சந்து வேண்டாம். வாரங்கள் போகப் போக இரண்டு இடங்களையும் சிறிது சிறிதாக நெருக்கிக்கொண்டு வரலாம். நாய்களின் எண்ணிக்கையைவிடச் சோற்றுக் குவியல்கள் ஒன்றிரண்டு கூடுதலாக, நன்றாக இடைவெளி விட்டு இருக்கட்டும். தூரத்தில் அவர்கள் இருக்கும்போதே இவனும் தலை குனிந்து சாப்பிட முடிகிறது என்றால் பாதி வேலை முடிந்தது. கூட்டத்தில் ஒருவன் வளைந்து வந்து இவனை முகர, இவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு அசையாமல் நின்றால் குறுக்கே போகாதீர்கள். அவர்களுக்கு அது தெரியும்.

பள்ளி வாசல், பிறர் வீட்டு வாசல், சைக்கிள்கள் போகும் வழி ஆகிய இடங்களில் சாப்பாடு போடாதீர்கள். போட்ட இடத்தை நாய் காவல் காக்கத் தொடங்கும், அதன் பழி அவன் மேல் விழும். மிச்சத்தை எடுத்துச் சுத்தம் செய்துவிட்டுப் போங்கள். இவனுக்கு மட்டும் இல்லாமல் கூட்டம் முழுவதற்கும் கருத்தடையும் ரேபிஸ் ஊசியும் நடக்க ஏற்பாடு செய்தால் இனச்சேர்க்கைக் காலச் சண்டைகள் குறைந்து அந்தத் தெருவே அடங்கும். வேறு பகுதியில் கொண்டுபோய் விடுவது மட்டும் வேண்டாம். அங்கேயும் ஒரு கூட்டம் இருக்கும், அங்கே அவனுக்கு ஓடி ஒளியும் இடம்கூடத் தெரியாது.

குட்டி என்றால் சுலபமா?

மனிதரிடம் பழக்க, சுலபம். பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பதினான்காவது வாரம் வரை பார்க்கும் மனிதரையும் சத்தத்தையும் குட்டிகள் எளிதில் ஏற்றுக்கொள்ளும். ஆனால் நோய்க்கு முதலில் பலியாவதும் குட்டிகள்தான். வயதான நாய் உள்ள வீட்டில் குட்டியின் துள்ளல் பெரிய தொல்லை. வயதானவனுக்குக் குட்டி ஏற முடியாத ஓர் இடம் கட்டாயம் இருக்க வேண்டும்.

எவ்வளவு காலம் ஆகும்?

மூன்று நாளில் பதற்றம் தணியும், மூன்று வாரத்தில் வழக்கம் பிடிபடும், மூன்று மாதத்தில் வீடு தன் வீடாகும் என்று மீட்பவர்களிடையே ஒரு கணக்கு உண்டு. தோராயமான கணக்குத்தான். தெருவில் வருடக்கணக்கில் அடிபட்டவனுக்கு ஒரு வருடமும் ஆகலாம். நாள்களை எண்ணுவதைவிட வேறு சிலவற்றைப் பாருங்கள்: சுருண்டு படுத்தவன் எப்போது கால் நீட்டிப் பக்கவாட்டில் படுக்கிறான், மற்றவன் எழுந்து நடக்கும்போது தலையைத் தூக்காமல் எப்போது தூங்குகிறான், ஒரே தண்ணீர்ச் சட்டியில் ஒருவன் குடித்து முடிக்கும் வரை மற்றவன் எப்போது பொறுமையாகக் காத்திருக்கிறான்.

எவ்வளவு முயன்றும் ஒத்துப்போகவில்லை என்றால்?

தண்டனை, மின்சாரப் பட்டை என்று போகாமல் தீனியும் பொறுமையும் கொண்டு வேலை செய்யும் பயிற்சியாளர் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். வீட்டைப் பிரித்து, முறை வைத்து வெளியே விட்டு, இரண்டு நாய்களையும் ஒன்றையொன்று சந்திக்காமலே நிம்மதியாக வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். வேலை அதிகம், ஆனால் முடியும். அதற்கும் வழியில்லை என்றால் வேறு நாய் இல்லாத ஒரு நல்ல வீட்டைத் தேடிக் கொடுங்கள். கொடுக்கும்போது தடுப்பூசிச் சீட்டு, கருத்தடைச் சான்று, அவன் பழகிய ஹார்னஸ், அவன் படுத்த துணி எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுங்கள். கூடவே ஒரு தாளில் எழுதுங்கள்: எந்தச் சத்தத்துக்கு ஓடி வருவான், எதைப் பார்த்தால் ஒடுங்குவான், எங்கே தொட்டால் பிடிக்கும், எங்கே தொடக் கூடாது. புதிய வீட்டார் அவனைப் பார்க்க இரண்டு மூன்று முறை முன்கூட்டியே வந்து, தூரத்தில் உட்கார்ந்துவிட்டுப் போகட்டும்.